பங்காளி வீட்டில் விருந்தினர்: உரிமம் யார் பெயரில், வரி யார் தலையில்?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. தாத்தாவுக்குப் பிறகு மூன்று பங்கு. நான் சென்னையில், பெரியப்பா மகன் அண்ணன் மதுரையில், சித்தப்பா மகன் தம்பி சிங்கப்பூரில் (இந்தியப் பாஸ்போர்ட்தான்). வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றியுள்ள 5 அறைகளைச் சீர்செய்து, போன ஏப்ரலிலிருந்து நாள் வாடகைக்கு விடுகிறேன். காவலாளியும் அவர் மனைவியும் அங்கே தங்கிச் சுத்தம், சமையல் பார்க்கிறார்கள். அறைக்கு 4,000 ரூபாய். முழு வீடாகக் கேட்டால் 16,000. இந்த நிதியாண்டில் முன்பதிவுத் தளங்கள் வழியாக 11 லட்சம், நேரடியாக வந்தவர்களிடம் 4 லட்சம், சினிமா ஷூட்டிங்குக்கு விட்டதில் 3.5 லட்சம் வந்தது. சென்னையில் என் பெயரில் உள்ள ஃபிளாட்டிலிருந்து மாதம் 20,000 வாடகையும் வருகிறது. “தளமே ஜி.எஸ்.டி. கட்டிவிடுகிறது, உங்களுக்குப் பதிவு தேவையில்லை” என்கிறார்கள். அது சரிதானா? வேறு என்னென்ன உரிமங்கள் வேண்டும்? பங்காளிகள் இருவருக்கும் மாதம் 25,000 வீதம் வாடகையாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொழிலை நடத்துவது யார், எந்தப் பான் எண்ணில்? இது தீராத வரை வேறு எதையும் தொடாதீர்கள். இப்போது தளத்தில் கணக்கு உங்கள் பெயரில், சொத்து மூவர் பெயரில், மின் இணைப்பு மறைந்தவர் பெயரில் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் இடிப்பது இதுதான். ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பித்தால் இடத்துக்கான சான்றாகச் சொத்து வரி ரசீதையோ மின் கட்டண ரசீதையோ கேட்பார்கள். பெயர் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். விளக்கம் போதவில்லை என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆகவே வாரிசுச் சான்றிதழை வைத்துச் சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றம், கூடவே மற்ற இருவரின் சம்மதப் பத்திரம். இதற்கே ஒன்றிரண்டு மாதம் ஓடலாம்.

இனி ஜி.எஸ்.டி. தளம் கட்டுகிறது என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 9(5) படி, தங்குமிட சேவைக்கான வரியை மின்வணிகத் தளமே செலுத்த வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் பதிவு செய்யக் கடமைப்படாதவராக இருக்கும்வரைதான் அது. சேவைகளுக்குத் தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஒரு நிதியாண்டில் 20 லட்சம். உங்கள் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 11 + 4 + 3.5 = 18.5 லட்சம். இத்தோடு நிற்கும் என்று நினைத்திருப்பீர்கள். நிற்காது. சென்னை ஃபிளாட்டின் வாடகை 2.4 லட்சத்தையும் சேர்க்க வேண்டும். குடியிருக்க விட்ட வீட்டு வாடகைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் மொத்த விற்றுமுதல் என்பது ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் செய்த எல்லா வழங்கல்களும், விலக்குப் பெற்றவையும் சேர்ந்தது. ஆக 20.9 லட்சம். நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

தளம் தன் பங்குக்கு வரி கட்டிய 11 லட்சத்தைக் கழிக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. வரியைச் செலுத்தியது தளம் என்றாலும் அந்தச் சேவையை வழங்கியது நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. தளம் உங்கள் வங்கிக் கணக்கில் போடும் தொகையை வைத்து 11 லட்சம் என்று எழுதியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும். 4,000 ரூபாய் அறைக்குத் தளத்தின் கமிஷன் 15% என்று வைத்துக்கொண்டால் 600, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 108, உங்கள் கைக்கு வருவது 3,292. விற்றுமுதல் 3,292 அல்ல, 4,000.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், பதிவு அந்தத் தாண்டிய நாளிலிருந்தே செல்லுபடியாகும். தாமதித்தால் பதிவு அது வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். வரிப் பொறுப்போ முன்பே தொடங்கியிருக்கும், வட்டி ஆண்டுக்கு 18%. எனவே வங்கி அறிக்கையையும் தளத்தின் மாத அறிக்கைகளையும் தேதிவாரியாக அடுக்கி, 20 லட்சம் எந்த நாளில் நிறைந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஷூட்டிங் பணம் எப்போது வந்தது என்பதைப் பொறுத்து அந்த நாள் மாறும். பதிவு கிடைக்கும்வரை, நேரடியாக வருபவர்களின் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி போட்டு வாங்கிவிடாதீர்கள். பதிவில்லாதவர் வரி வசூலிக்கப் பிரிவு 32 தடை விதிக்கிறது.

பதிவு எண் வந்த அன்றே அதைத் தளத்தில் ஏற்றுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எண்ணை ஏற்றாவிட்டால் தளம் பழையபடி தானே வரியைக் கட்டிக்கொண்டிருக்கும், நீங்களும் உங்கள் ரிட்டர்னில் அதே தொகைக்குக் கட்டுவீர்கள். ஒரே அறைக்கு இரண்டு வரி. எண்ணை ஏற்றிவிட்டு ரிட்டர்னில் காட்ட மறந்தால் நேர் எதிர்ச் சிக்கல். பதிவுக்குப் பிறகு தளம் உங்களுக்குரிய தொகையில் 0.5% மூலவரி வசூலாகப் பிடிக்கும் (2024 ஜூலை 10-க்கு முன் இது 1% ஆக இருந்தது). போர்ட்டலில் அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் மின்னணுப் பணப் பேரேட்டில் (போர்ட்டலில் உள்ள உங்கள் வரிப் பணக் கணக்கில்) வந்துவிடும். ஏற்றுக்கொள்ளாமல் விட்டால் பணம் அங்கேயே கிடக்கும்.

விகிதத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அலகுக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையான தங்குமிடத்துக்கு 5%, உள்ளீட்டு வரி வரவு (தொழிலுக்காக வாங்கியவற்றில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு முன் 12%. 7,500-ஐத் தாண்டினால் 18%, வரவு உண்டு. உங்கள் 4,000 ரூபாய் அறை 5%-இல் அடங்கிவிடும். சிக்கல் அந்த 16,000 ரூபாய் முழு வீட்டில். தளத்தில் அதை ‘முழு வீடு’ என்று ஒரே அலகாகப் போட்டிருந்தால் வரி 18%, அதாவது 2,880 ரூபாய். அதே விருந்தினர் ஐந்து அறைகளை, அறைக்கு 3,200 என்று எடுத்தால் 5%, அதாவது 800 ரூபாய்.

வித்தியாசம் அந்த 2,080 ரூபாயோடு முடிவதில்லை. ஒரு நிதியாண்டில் ஓர் அலகையாவது 7,500-க்கு மேல் கொடுத்திருந்தால், அடுத்த நிதியாண்டில் அந்த இடம் ‘குறிப்பிட்ட வளாகம்’ ஆகிவிடும். 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கிற விதி இது. அப்படி ஆனால் அங்கே தனியாக விலை வைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக்கும் 5% போய் 18% வந்துவிடும். ஒரு பொங்கல் வார முன்பதிவால் அடுத்த ஆண்டு முழுதும் சமையலறைக்கு 18%! முழு வீட்டுப் பட்டியலை எடுத்துவிட்டு ஐந்து அறைகளையும் தனித்தனி அலகாகப் போடுங்கள் என்பதே என் யோசனை. அறைகளுக்குத் தனிப் பூட்டு, தனி எண், பில்லில் அறைவாரி விலை இருக்கட்டும். காகிதத்தில் மட்டும் பிரித்துவிட்டு வீட்டை ஒட்டுமொத்தமாகவே கொடுத்தால் அதிகாரி கேள்வி கேட்பார், அந்தக் கேள்வி நியாயமானதுதான். 7,500-க்குள் அடக்குவதற்காகச் சுத்தம் செய்யும் கட்டணம், கூடுதல் படுக்கை என்று தனியே வாங்குவதும் நிற்காது. தங்குவதோடு சேர்ந்தே வருபவை தங்கும் கட்டணத்தோடுதான் கூட்டப்படும்.

ஷூட்டிங்கை இதில் கலக்காதீர்கள். முகப்பையும் வளவையும் படப்பிடிப்புக்கு விடுவது தங்குமிட சேவை அல்ல, அசையாச் சொத்தை வணிகத்துக்கு வாடகைக்கு விடுவது. நாள் வாடகை எவ்வளவாக இருந்தாலும் 18%. கல்யாண நிகழ்ச்சிக்கு இடம் கொடுப்பதும் அப்படியே. அதற்குத் தனி பில், தனிக் குறியீடு.

இப்போது பங்காளிகளுக்கு மாதம் 25,000 என்ற திட்டம். குடும்பத்துக்குள் நியாயமாகத் தெரிகிற இந்த ஏற்பாடுதான் வரியில் உங்களுக்கு அதிகம் செலவு வைக்கும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் ஆனபிறகு, பதிவில்லாத ஒருவரிடமிருந்து தொழிலுக்காக இடத்தை வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகைமீது 18% வரியை வாங்கும் நீங்களே கட்ட வேண்டும். குடியிருப்பு வீட்டுக்கு இது 2022 ஜூலை 18 முதலும், மற்றக் கட்டடங்களுக்கு 2024 அக்டோபர் 10 முதலும் நடப்பில் உள்ளது. வீட்டை எந்த வகையில் சேர்த்தாலும் தப்ப வழியில்லை. இருவருக்கும் ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் வரி 1,08,000. இதை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். 5% விகிதத்தில் இருக்கும் அறை வருமானத்துக்கு எதிராக இதைக் கழிக்கவும் முடியாது. ஷூட்டிங் வருமானத்துக்குரிய சிறு பங்குக்கு மட்டும் வரவு கேட்கலாம்.

சிங்கப்பூர் தம்பிக்குக் கொடுப்பதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 30% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்த்து 31.2% பிடித்தம் செய்து கட்ட வேண்டும். 25,000-இல் 7,800 போக அவர் கைக்கு 17,200. இதற்கு நீங்கள் டான் எண் (வரி பிடித்தம் செய்பவருக்கான எண்) வாங்கி, காலாண்டு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தம்பி இங்கே ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம்; வேண்டுமானால் குறைந்த விகிதச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிடிக்காமல் அனுப்பிவிட்டால் பொறுப்பு தம்பியுடையது அல்ல, உங்களுடையது.

மாற்று வழி, மூவரும் சேர்ந்த கூட்டாண்மை நிறுவனம். தனிப் பான், தனி வங்கிக் கணக்கு, அதன் பெயரிலேயே எல்லா உரிமங்களும். நிறுவனம் லாபத்துக்கு 30% (செஸ் தனி) வரி கட்டும். பிரித்துக்கொடுக்கும் லாபப் பங்குக்குக் கூட்டாளிகள் தனியே வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் சென்னை ஃபிளாட் வாடகையும் நிறுவனத்தின் 20 லட்சக் கணக்கில் சேராது. ஆனால் 30% என்பது சின்ன வருமானக்காரர்களுக்குப் பாதகம், தம்பியின் முதலீட்டுக்கு அந்நியச் செலாவணி விதிகளும் உண்டு. மூவரும் எவ்வளவு வருமான வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்று பார்க்காமல் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாடகைத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எதைத் தேர்ந்தாலும் வாய்மொழியாக விடாதீர்கள். வீடு மூவருடையது, ஒருவர் மனம் மாறினால் உரிமங்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

வருமான வரியில் இந்த வரவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பது அடுத்த குழப்பம். உரிமையாளர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் ‘வீட்டுச் சொத்து’ தலைப்பில்தான், தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது என்று 2024-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சாவியை மட்டும் கொடுத்து விடுபவர்களுக்கு அது பொருந்தும்: பங்கு வாரியாக ஒவ்வொருவரும் தம் ரிட்டர்னில் காட்டி 30% நிலைக் கழிவு பெறலாம். தினசரி சுத்தம், படுக்கை விரிப்பு மாற்றுவது, சமையல், வரவேற்பு என்று நடத்தும் உங்களுடையது சேவைத் தொழில். தொழிலாகவே காட்டுங்கள். சம்பளப் பதிவு, சலவை பில், மளிகை பில் எல்லாவற்றையும் வைத்திருங்கள்; அந்தத் திருத்தத்தைக் காட்டி அதிகாரி கேட்டால் அவைதான் பதில். ஒரு வருடம் வீட்டுச் சொத்து, மறு வருடம் தொழில் என்று லாபத்துக்கு ஏற்ப மாற்றினால் எந்த வாதமும் நிற்காது. அனுமான வரித் திட்டத்தில் (வரவில் ஒரு விகிதத்தை லாபமாகக் கொள்ளும் முறை) டிஜிட்டல் வரவுக்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம் காட்டலாம் என்பது குறைந்தபட்சம்தான். உண்மை லாபம் கூடுதலானால் அதைத்தான் காட்ட வேண்டும். முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

தளம் வருமான வரிக்காகவும் 0.1% பிடிக்கும் (2024 அக்டோபர் 1 முதல், அதற்கு முன் 1%). தனிநபருக்கு ஒரு தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால், பிடித்தம் இல்லை. கொடுக்காவிட்டால் 5%. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால் இந்தப் பிடித்தத்துக்கான 194-ஓ போன்ற பழைய பிரிவு எண்கள் மாறியிருக்கும், திகைக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தளம் காட்டுவது அந்த 4,000. நீங்கள் வங்கியைப் பார்த்து 3,292-ஐ எழுதுவீர்கள். நோட்டீஸ் அங்கிருந்து வரும். மொத்தத்தை வரவில் காட்டி, கமிஷனைச் செலவில் காட்டுங்கள்.

உரிமங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை-காலை உணவுத் திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை வரை சேரலாம், ஆனால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். காவலாளி குடும்பம் அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவு பற்றி மாவட்டச் சுற்றுலா அலுவலரைப் பாருங்கள். அண்ணன் ஓய்வுக்குப் பிறகு அங்கே வந்து தங்குவதாக இருந்தால் விஷயம் எளிதாகும். யாரும் குடியிருக்காத வீடு என்றால் அது லாட்ஜ் வகைதான்: மாநகராட்சியின் தொழில் உரிமம், பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-இன்படி தாசில்தாரிடம் உரிமம், அதற்குப் பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று. பழைய தேக்குத் தூணும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீட்டில் பொறியாளர் முதலில் பார்ப்பது ஓட்டுக்கூரைச் சட்டங்களையும் பழைய மின் வயரிங்கையும். ஏசி போட்டிருப்பீர்கள், வயரிங்கை மாற்றிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். குடியிருப்பிலிருந்து தங்கும் விடுதியாகப் பயன்பாடு மாறுவதற்குத் திட்ட அனுமதியும், சொத்து வரியில் வகை மாற்றமும் சேர்ந்தே வரும். அரையாண்டு வரி கூடும். அதை மறைத்து மிச்சப்படுத்துவது, எரிச்சலடைந்த ஓர் அண்டை வீட்டுக்காரரின் ஒரு மனுவில் முடிந்துவிடும்.

மின்சாரத்தில் இன்னும் கறாராக இருங்கள். வீட்டு இணைப்பில் 100 யூனிட் இலவசத்தோடு விருந்தினர் ஏசி ஓடுவது, மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 126 படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கு. எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடுவார்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு கட்டண வகை மாற்றத்தையும் சேர்த்தே கொடுங்கள். சாமி அறை, காவலாளி குடியிருக்கும் பகுதி இவற்றுக்குத் தனி இணைப்பு பெற முடிந்தால் அதை மட்டும் வீட்டு வகையில் வைத்துக்கொள்ளலாம்.

சமையலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், 14 இலக்க எண்ணைப் பில்லில் போட வேண்டும். இரண்டாம் கட்டு அடுப்பங்கரையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் இருக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

செட்டிநாட்டு வீடு என்றால் வெளிநாட்டவர் வருவார்கள். காசு கொடுத்துத் தங்கும் ஒவ்வொரு வெளிநாட்டவரையும் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். சி படிவம் என்றுதான் எல்லோரும் இன்றும் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் இது புதிய குடியேற்ற மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வருகிறது. விடுதியாகப் பதிந்து கடவுச்சொல் பெறவே நாளாகும், ஆகவே முதல் விருந்தினர் வருமுன் அதை முடியுங்கள். தவறு நடப்பது பிரெஞ்சுக்காரர்களிடம் அல்ல. கோலாலம்பூரிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வந்து தமிழில் பேசி, தளத்தில் இந்தியக் கைபேசி எண் கொடுத்தவர்களிடம்தான். கையில் மலேசிய, கனடியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர்களும் வெளிநாட்டவரே. அடையாள அட்டையைக் காவலாளி தன் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள். பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆதார் என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் போதும்.

உங்களிடம் இருக்கும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்து வாங்கிய பாலிசியில், விருந்தினர் தங்கியிருந்தபோது தீப்பிடித்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு சொல்லே போதும். வணிகப் பயன்பாட்டை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள், மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்து.